ஹோலுக்குள் ஒரு புற்று, அதற்கு ஆறு விரல்

1

முதலில் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக எழுதத் தொடங்கியதல்ல. ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் தீவுக்காரர் சிலர் தங்கள் சங்கத்துக்குப் பத்தாவது ஆண்டு மலர் போடுகிறார்கள். மலர்க்குழுச் செயலாளர், வெள்ளவத்தையில் ஓய்வூதியத்தோடு காலம் தள்ளும் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"சேர், நீங்கள் முப்பது வருசம் விஞ்ஞானம் படிப்பிச்சனீங்கள். ரெண்டு பக்கத்திலை ஒரு கட்டுரை தாங்கோ. அரசியல் வேண்டாம். சமயமும் வேண்டாம். ஆரையும் நோகடிக்காத மாதிரி."

யோசித்துப் பார்த்தேன். மனிதரைப் பற்றி எழுதினால் அரசியல் வரும். கடலைப் பற்றி எழுதினால் கடற்படை வரும். பனையைப் பற்றி எழுதினால், நின்ற பனையெல்லாம் எங்கே போயிற்று என்று எவனாவது கேட்பான். கடைசியில் கறையானைப் பிடித்தேன். கறையானில் யாரும் அரசியல் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று நம்பினேன். மூன்று பந்தி வரை கட்டுரை ஒழுங்காகப் போனது. நாலாவது பந்தியில் ஜசிந்தா வந்துவிட்டாள்.

ஜசிந்தா என்பது நான் வைத்த பெயர். அந்த ஆளை நான் ஒரேயொரு தடவைதான் கண்டிருக்கிறேன். 2003ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு கருத்தரங்கு நடத்தினேன். தேநீர் இடைவேளையில் எல்லாரும் ரோல்ஸ் வைத்த மேசையை நோக்கிப் பாய, தீவுப்பக்கம் நாரந்தனையில் படிப்பிக்கும் ஒரு ரீச்சர் மட்டும் என்னிடம் வந்து நின்றார். நகக்கண்ணுக்குள் மண்.

"சேர், ஒரு புற்று செத்துப்போச்செண்டால், வெளியாலை பாக்கிற ஆக்களுக்குத் தெரியாமல் அதை எவ்வளவு காலம் வைச்சிருக்கலாம்?"

பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. ஏன் கேட்கிறீர் என்றேன். கால்மணி நேரம் சொன்னார். அதற்குள் ரோல்ஸ் முடிந்துவிட்டது. பிறகு ஒரு கடிதமும் வந்தது. இந்தக் கதையில் கால்மணி நேரமும் ஒரு கடிதமும் அவருடையவை. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. எது எவருடையது என்று இப்போது கேட்டால் எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

2

தொடக்கம் ஒன்று: "ஊர்காவற்றுறைக் கடலின் மேல் செவ்வானம் படர்ந்த அந்த மாலைப்பொழுதில், பன்னிரண்டு ஆண்டுகள் ஊரைப் பிரிந்திருந்த ஜசிந்தாவின் கண்கள்" —

(நிறுத்து. அவள் வந்தது பகல் பதினொன்றரைக்கு, மினிபஸ்ஸில். பிள்ளைகள் இரண்டும் வழியில் சத்தி எடுத்து உடுப்பை நாசமாக்கியிருந்தன. செவ்வானத்துக்கு அங்கே வேலை இல்லை.)

தொடக்கம் இரண்டு: "கறையான் கூட்டமாக வாழும் பூச்சி இனங்களுள் ஒன்றாகும்."

(மலருக்கு அனுப்பிய தொடக்கம் இதுதான். "நல்லாயிருக்கு சேர், படம் ஒண்டும் இல்லையோ" என்றார் செயலாளர்.)

தொடக்கம் மூன்று: "ஜசிந்தா தன் வீட்டின் கதவைத் தள்ளினாள். கதவு" —

கதவு இல்லை. அதுதான் விசயம். கதவும் இல்லை, கதவு நின்ற நிலையும் இல்லை. 2003 தை மாதம், சமாதானம் வந்து ஒரு வருடம் கழித்து, ஜசிந்தாவும் அவள் புருசன் டெனிஸ்ரனும் இரண்டு பிள்ளைகளோடு நாரந்தனைக்குத் திரும்பி வந்தபோது, வீட்டில் நாலு சுவர் இருந்தது. கூரையின் வளையும் கைமரமும் போயிருந்தன. ஓடுகள் உள்ளே விழுந்து கிடந்தன. முன்கூடமான ஹோலின் நடுவில், முன்பு தையல் மெசின் இருந்த இடத்தில், ஜசிந்தாவின் தோளளவுக்கு ஒரு புற்று நின்றது. அதைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டி, நாலு செவ்வரத்தம் பூ வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு கதிரையில் பக்கத்து வளவுச் சறோஜினிதேவி இருந்தார்.

"வாரும் பிள்ளை. வருவீரெண்டு எனக்குத் தெரியும்" என்றார். "செருப்பைக் கழட்டிப்போட்டு வாரும்."

சொந்த வீட்டுக்குள் போகச் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள் என்பது ஜசிந்தாவுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியபோது அவள் ஏற்கனவே கழற்றியிருந்தாள். கத்தோலிக்கப் பிள்ளை என்றாலும் சைவ அயலில் வளர்ந்தவள். சறோஜினியக்கா ஒன்றைச் சொன்னால் செய்துவிட்டு யோசிப்பதுதான் பழக்கம்.

"அக்கா, இது எங்கட ஹோல்."

"ஓம், உங்கட ஹோல்தான். நான் இல்லையெண்டு சொன்னனானே? நயினாதீவு அம்மனிட்டைப் போறதெண்டால் அந்த நேரம் நேவியிட்டைப் பாஸ் எடுக்கோணும். நான் ரெண்டு தரம் கேட்டுக் குடுக்கேல்லை. அதுதான் அம்மன் பாஸ் இல்லாமல் தானே இஞ்சாலை வந்திட்டா."

"அப்ப நாங்கள் எங்கை படுக்கிறது?" என்று கேட்டான் டெனிஸ்ரன். அவன் கடலுக்குப் போகிறவன். சுற்றி வளைத்துப் பேச நேரமில்லாதவன்.

"குசினி நல்லாத்தானே இருக்கு, தம்பி. அங்கை அம்மன் வரேல்லை."

குசினி நல்லாத்தான் இருந்தது. அடுப்படியோடு சேர்த்து ஆறடிக்கு எட்டடி. தறப்பாள் ஒன்றைக் கட்டி நாலு பேரும் அதற்குள் புகுந்தார்கள்.

3

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம். பரமலிங்கம் கதைக்குத் தேவையா? தெற்கில் ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்து, பிறகு லண்டனுக்குப் போய் மகளோடு இருப்பவர். சமாதானத்தை நம்பி ஊர் பார்க்க வந்தவர். இரண்டு கிழமை என்று வந்து பதினொரு மாதம் நின்றார். லண்டனில் யாரும் அவரைத் தலைவராக்கவில்லை. நாரந்தனைக்கு வந்து மூன்றாம் நாள் புற்றடி அம்மன் பரிபாலன சபைக்குத் தலைவராகிவிட்டார். அவரை வெட்டிவிடலாம் என்று இரண்டு தரம் முயன்றேன். ஒவ்வொரு தரமும் அடுத்த பக்கத்தில் கடிதத்தலைப்பு அச்சடித்துக்கொண்டு வந்து நின்றார். ஆகவே இருக்கட்டும்.

அவர் இருந்தால் மறுபக்கத்துக்கும் ஒருவர் வேண்டும். கத்தோலிக்கக் கோயிலில் மணி அடித்து, சுவாமியாரின் பூசைக்கு உடுப்பு எடுத்துவைக்கும் சங்கிலித்தாம் இராயப்பு. "எங்கட ஆக்களின்ர வீட்டுக்குள்ள மண்ணுக்குப் பூசை நடக்கிறதோ? மண்வெட்டியைக் கொண்டாடா டெனிஸ்ரன்!" என்று மூன்று முறை சொன்னார். மண்வெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தபோது, தனக்கு இடுப்பு ஏலாது என்றார். புற்றுக்குள் பாம்பு இருக்கலாம் என்பதை இராயப்பு முழுதாக நம்பாமலும் இல்லை.

இடையில் வீட்டுத்திட்டம் வந்தது. வெளிநாட்டு உதவியில் ஒரு நிறுவனம் வளை, சிலாகை, ஓடு எல்லாம் தந்து கூரை போட்டுக்கொடுக்கும். ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் வந்து வீடு வீடாகப் பதிந்தான். ஜசிந்தாவின் ஹோலை எட்டிப் பார்த்துவிட்டு எழுதுவதை நிறுத்தினான்.

"ரீச்சர், இது வீடோ, கோயிலோ?"

"வீடு. நாங்கள் பின்னாலை இருக்கிறம்."

"அப்ப இது?"

"புற்று."

"கும்பிடுற இடத்துக்குக் கூரை போட எங்கட திட்டத்திலை விதி இல்லை, ரீச்சர். பேந்து சண்டை வரும். நீங்கள் உங்களுக்குள்ள கதைச்சு ஒரு முடிவெடுங்கோ. அடுத்த தை முடியிறதுக்குள்ள படிவம் தந்தால் காணும்."

ஒரு வருடத் தவணை. அதற்குள் புற்றுப் போகவேண்டும். போகாவிட்டால் கூரை இல்லை. இடித்தால் ஊர் இரண்டாகும். அவள் படிப்பிக்கும் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகளில் பத்தொன்பது சைவப் பிள்ளைகள். தவிர, சறோஜினியக்கா வேறு. ஜசிந்தா இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லை. மூன்றாவது நாள் பத்தாம் ஆண்டு உயிரியல் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது அவளுக்கு வழி தெரிந்தது.

4

(இது மலருக்கு எழுதிய பகுதி. செயலாளர் வெட்டியதையும் சேர்த்தே தருகிறேன்.)

கறையான் மரத்தைத் தின்று சீவிக்கிறது என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. புற்றுக் கட்டும் கறையானுக்கு மரத்தைத் தனியே செமிக்க ஏலாது. ஆகவே அது தோட்டம் செய்கிறது. மரத்தையும் சருகையும் அரைகுறையாகத் தின்று, கழிவைக் கொண்டுபோய் நிலத்துக்குக் கீழே அறைகளில் கடற்பஞ்சு மாதிரி அடுக்குகிறது. அதில் ஒரு பங்கசை, அதாவது பூஞ்சணத்தை, விதைக்கிறது. பங்கசு அந்தக் கழிவைப் பதப்படுத்திக் கொடுக்க, கறையான் தின்கிறது. மாரியில் புற்றடியில் பிடுங்கிக் கறி வைக்கிறோமே காளான், அது இந்தத் தோட்டத்தின் பூ. ஜசிந்தாவின் வளையும் கைமரமும் கதவும் அலுமாரியும் இந்தத் தோட்டத்துக்குத்தான் உரமாகப் போயின.

தோட்டம் என்றால் களை வரும். வேறொரு பங்கசு, பயிரின் இடத்தைப் பிடிக்கக் காத்திருக்கிறது. கறையான் அதை மணத்தில் கண்டுபிடித்துக் கடித்து எறிகிறது, ஏலாவிட்டால் மண்ணைக் கொண்டுவந்து மூடிவிடுகிறது. கறையானின் வயிற்றிலும் மேலிலும் குடியிருக்கும் சில பற்றீரியாக்கள் களையை அடக்கும் மருந்தைச் சுரக்கின்றன. பயிருக்கு அந்த மருந்தால் பெரிய பாதிப்பில்லை. கறையான், பங்கசு, பற்றீரியா என்று முத்தரப்பு உடன்பாடு. கண்காணிப்புக் குழு இல்லாமல் கோடி வருடக் கணக்கில் நடக்கிறது.*

கறையான் செத்தால் உடன்பாடு முறிகிறது. அதுவரை அடங்கிக் கிடந்த களை எழும்பி, புற்றின் தோலைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக விரல் நீட்டும். புற்றில் விரல் முளைத்தால் உள்ளே ஆளில்லை என்று அர்த்தம்.

* கண்காணிப்புக் குழு வசனத்தைச் செயலாளர் அரசியல் என்று வெட்டினார். நான் சண்டை பிடித்தேன். "சேர், ஆர் கறையான், ஆர் பங்கசு எண்டு ஆக்கள் யோசிப்பினம்" என்றார். நான் அதுவரை யோசிக்கவில்லை. அதன்பின் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

5

ஜசிந்தாவின் திட்டம் எளிமையானது. மஞ்சள் கிருமியைக் கொல்லும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பால் ஊறினால் பூஞ்சணம் பிடிக்கும். கற்பூர மணம் பூச்சிக்கு ஆகாது. சறோஜினியக்கா இதுவரை வைத்தது ஒரு செம்பு தண்ணீரும் ஒரு சிட்டிகை மஞ்சளும்தான், வசதி இல்லாததால். வசதியை யாராவது செய்துகொடுத்தால்? புற்றை யாரும் தொடத் தேவையில்லை. கும்பிட்டுக் கும்பிட்டே சாகடித்துவிடலாம். உள்ளே உயிர் இல்லை என்று கண்டால், அம்மன் இடம் மாறிவிட்டா என்று அவர்களே சொல்லிவிட்டுப் போவார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜசிந்தா பால்மா, அரைக் கிலோ மஞ்சள்தூள், பெரிய பெட்டி கற்பூரம் எல்லாம் கொண்டுவந்து வைத்தாள்.

"என்ன பிள்ளை, நீர் வேதக்காரப் பிள்ளை, இவ்வளவும் ஏன்?" என்றார் சறோஜினிதேவி.

"எங்கட வீட்டுக்கு வந்திருக்கிறா. வெறுங்கையோட விடேலாதுதானே அக்கா."

சறோஜினிதேவியின் கண் கலங்கிவிட்டது. அவருடைய கண் கலங்கினால் ஊருக்குச் செய்தி போக அரைமணி நேரம் போதும். பரமலிங்கம் பொன்னாடை கொண்டுவந்தார். ஒரு நல்லிணக்க நிறுவனம் படப்பிடிப்புக் கருவியோடு வந்து, வேதக்கார ரீச்சர் புற்றுக்குப் பால் ஊற்றுவதை மூன்று கோணத்தில் படம் எடுத்து, வந்தவர்களுக்கெல்லாம் சோற்றுப் பார்சல் கொடுத்தது. அடுத்த வருட நாட்காட்டியில் வைகாசி மாதத்துக்கு ஜசிந்தாவின் படம் வந்தது. கீழே, "வேற்றுமையில் மலர்ந்த ஒற்றுமை." படத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். பக்தி என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். உண்மையில் எத்தனை லீற்றர் போனால் போதும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீர் கெட்டிக்காரி" என்றான் டெனிஸ்ரன் அன்று குசினிக்குள். "சண்டை பிடிக்காமலே சண்டையை வெண்டிட்டீர்."

 மஞ்சள் உண்மையில் புற்றைக் கொல்லுமா என்று ஒரு பேராசிரியரிடம் கேட்டேன். "மஞ்சள் புற்றுக்குள்ள இருக்கிற பற்றீரியாவைக் கொல்லும் எண்டும் சொல்லேலாது, கொல்லாது எண்டும் சொல்லேலாது" என்றார். ஆகவே வாசகர் வீட்டில் செய்துபார்க்க வேண்டாம். கதையில் கொல்கிறது. கதையில் நான்தான் பேராசிரியர்.

6

ஐப்பசி மழை தொடங்கி நாலாம் நாள் புற்றில் ஐந்து வெள்ளை விரல்கள் முளைத்தன.

ஜசிந்தா குசினி வாசலில் நின்று பார்த்தாள். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. கூரை வரப்போகிறது என்று முதலில் சந்தோசப்பட்டாள், அதை மறைக்க முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஆனால் புற்றுச் செத்துப்போயிற்று என்று யாரும் சொல்லவில்லை.

"ஐந்துதலை நாகம்!" என்று பரமலிங்கம் அப்படியே ஈரத்தில் விழுந்து கும்பிட்டார்.

இராயப்பு முழந்தாளில் நின்றார். "சிலுவையிலை ஆண்டவருக்குப் பட்ட ஐந்து திருக்காயம். எண்ணிப்பாருங்கோ. வேதக்கார வீட்டிலை சும்மா வருமே?"

இரண்டு பகுதியும் வந்தது. புளியங்கூடலிலிருந்து வந்தார்கள், புங்குடுதீவு மடத்துவெளியிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். ஜசிந்தாவின் முற்றத்தில் கச்சான் கடலை விற்றார்கள். பாலும் மஞ்சளும் முன்பு செம்பில் வந்தது இப்போது வாளியில் வந்தது. ஏற்கனவே செத்ததற்கு எதைக் கொடுத்தால் என்ன. களை நன்றாகத் தின்று கொழுத்தது.

மூன்றாம் நாள் ஆறாவது விரல் முளைத்தது.

பரமலிங்கத்துக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. "ஆறுமுகம்" என்றார். தாயோடு பிள்ளையும் வந்துவிட்டது என்றார். இராயப்புதான் சங்கடப்பட்டார். ஆறு காயம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு பொழுது முழுக்க யோசித்துவிட்டு, "பத்துக் கட்டளை வரைக்கும் போகுதோ தெரியாது, பொறுத்துப் பாப்பம்" என்றார்.

(இந்த இடத்தில் கதை நகைச்சுவையாகவே முடியலாம். ஜசிந்தா தன் தந்திரத்தில் தானே மாட்டிக்கொண்டாள், ஹோல் போயிற்று, எல்லாரும் சிரிக்கலாம். மலருக்கு இந்த அளவில் கொடுத்திருந்தால் போட்டிருப்பார்கள். ஆனால் கால்மணி நேரத்தில் ரீச்சர் இவ்விடத்தை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார். மிச்ச நேரமெல்லாம் அவர் சறோஜினிதேவியைப் பற்றித்தான் பேசினார்.)

7

விரல்களை ஊர் எண்ணிக்கொண்டிருக்க, சறோஜினிதேவி மட்டும் எண்ணவில்லை. ஒரு மத்தியானம் சனம் கலைந்த பிறகு, ஒரு பிஸ்கற் தகரப்பேணியைக் கொண்டுவந்து ஜசிந்தாவின் முன் வைத்தார். உள்ளே வெள்ளை நூல்கள். ஒவ்வொன்றும் சுருட்டி, நுனியில் முடிச்சுப் போட்டிருந்தது.

"உமக்குச் சொல்லேல்லை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றார். "என்ர நிமலன் போனது தொண்ணூத்தாறு ஆவணியிலை. பட்டினத்துக்குச் சைக்கிளுக்கு ரியூப் வாங்கப் போனவன். நான் போகாத ஆமிக் காம்ப் இல்லை, குடுக்காத மனு இல்லை. ஆரும் இல்லையெண்டும் சொல்லேல்லை, இருக்கிறானெண்டும் சொல்லேல்லை. பேந்து நாங்கள் இஞ்சை திரும்பி வந்தாப் பிறகு, உங்கட ஹோலுக்குள்ள இந்தப் புற்று முழங்கால் உயரத்துக்கு நிண்டது. அண்டைக்கு நேந்தனான். அம்மா, என்ர பிள்ளை உயிரோட இருந்தால் நீ வளரோணும் எண்டு. ஒவ்வொரு வெள்ளியும் நூல் பிடிச்சு அளப்பன். கொஞ்சமெண்டாலும் வளரும். ஒரு கிழமை வளராட்டில் அடுத்த கிழமை சேத்து வளரும்."

ஜசிந்தா ஒரு நூலை எடுத்துக் கையில் விரித்துப் பார்த்தாள்.

"ஏழு கிழமையா நூல் நீளேல்லை, பிள்ளை." சறோஜினிதேவி ஏழு நூலையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். ஏழும் ஒரே அளவு. "விரல் முளைச்சிருக்கு, நல்ல குறியெண்டு எல்லாரும் சொல்லினம். எனக்கெண்டால் மனம் ஆறேல்லை. நீர் விஞ்ஞானம் படிச்சனீர். சொல்லும். ஏன் வளரேல்லை?"

ஜசிந்தாவுக்கு வேண்டியது அவள் வாயில் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை அக்கா, வெறும் மண், இடித்துவிடுவோம். ஒரு வசனம் சொன்னால் சறோஜினியக்காவே சிவப்புத் துணியை அவிழ்ப்பார். வீடு கிடைக்கும், பிள்ளைகள் நனையாமல் படுக்கும். அதே வசனத்தில் நிமலனும் செத்துப்போவான். அவனைக் கொன்றவர் யார் என்று ஏழு வருடமாக ஊருக்குத் தெரியாது. இனி அது ஜசிந்தாவாகத்தான் இருக்கும். அவள் வாங்கிவந்த மஞ்சள், அவள் கரைத்த பால்.

"மாரி வடிவாப் பிடிக்கட்டும் அக்கா" என்றாள். "பேந்து வளரும்."

8

வியாழக்கிழமைகளில் சறோஜினிதேவி சங்கக்கடைக்குப் போவார். போய்வர ஒன்றரை மணி நேரம். மத்தியானத்தோடு சனமும் கலைந்துவிடும். அந்த வியாழன் ஜசிந்தா பள்ளிக்கூடத்தால் வந்ததும் கிணற்றடியில் மண் அள்ளினாள். மா அரிக்கும் அரிதட்டால் அரித்தாள். தண்ணீர் தெளித்துக் குழைத்து, சின்னச் சின்ன உருண்டையாக உருட்டிப் புற்றின் உச்சியில் ஒட்டினாள். முதல் தரம் கைவிரல் அடையாளம் விழுந்தது. அழித்துவிட்டு நுனிவிரலால் தட்டித் தட்டி ஒட்டினாள். கறையான் ஒட்டின மாதிரியே வந்தது. விரல்களையும் மண்ணால் மூடிவிட்டாள். அடுத்த நாள் முற்றத்துச் சனத்துக்கு, அம்மன் விரலை உள்ளே எடுத்துவிட்டா என்று பரமலிங்கம் விளக்கம் சொன்னார்.

டெனிஸ்ரன் கடலால் வந்து வாசலில் நின்று பார்த்தான். கையில் மீன்பறி.

"ஜசிந்தா, என்ன செய்யிறீர்?"

"இஞ்சேருங்கோ, சத்தம் போடாதேங்கோ."

"உதை இடிக்கத்தானே வருசம் முழுக்கப் பாடுபட்டனீர்?"

"ஓம்."

"இப்ப நீரே கட்டுறீர்."

"ஓம். அந்தச் செம்பை எடுத்துத் தாங்கோ."

அவன் செம்பை எடுத்துக் கொடுத்தான். அன்று இரவு அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்தான். மழை தறப்பாளில் தேங்க, அடிக்கடி எழும்பித் தடியால் தள்ளித் தள்ளி ஊற்றினான். ஜசிந்தா நித்திரை மாதிரிக் கிடந்து அழுதாள். அவளுக்கு வீடு வேண்டும். அது அவளுடைய வீடு. அந்த ஆசையில் ஒரு பிழையும் இல்லை என்று நானும் இங்கே எழுதிவைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நூல் அரை விரல் அளவு நீண்டது. சறோஜினிதேவி அந்த நூலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏழு கிழமைக்குப் பிறகு அன்றைக்கு ஒரு பிடி சோறு கூடுதலாகத் தின்றார்.

அதற்கடுத்த கிழமைதான் ரீச்சர் கருத்தரங்குக்கு வந்து என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "மழையில கரையாமல் பாத்துக்கொண்டால் நெடுகலும் வைச்சிருக்கலாம்" என்றேன். விஞ்ஞான ரீதியில் பிழையில்லாத பதில்.

9

இனி முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

முதலாவது: நிமலன் திரும்பி வருகிறான். படலையில் சைக்கிள் மணி கேட்கிறது. சறோஜினிதேவி ஓடிவருகிறார். புற்றுக்குத் தேவை இல்லாமல் போகிறது. ஜசிந்தா கூரை

(இதை எழுதும்போது என் கை கூசியது. அந்த வருடம் காணாமல் போனவர்களின் தாய்மார் எத்தனையோ பேர் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்கு இந்த விளையாட்டுக் காட்டக்கூடாது.)

இரண்டாவது: ஜசிந்தா எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறாள். சறோஜினிதேவி மன்னிக்கிறார். இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். நல்லிணக்க நிறுவனம் மறுபடியும் படம்

(நாட்காட்டிக்கு நல்லது. கதைக்கு ஆகாது.)

மூன்றாவது நான் எழுதியதல்ல. 2004 தை இருபதாந் திகதியிட்டு வந்த கடிதத்தில் இருந்தது. அதை அப்படியே கதையாக்குகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை. முந்தின நாள் ஜசிந்தா அவசரத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பூசிவிட்டாள். வீட்டுத்திட்டப் பையன் படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போய் ஒரு மணி நேரம். படிவம் அவள் கையில் இருந்தது. சறோஜினிதேவி வழக்கம்போல நூலை நிலத்தில் வைத்துப் பெருவிரலால் அமத்தி, உச்சிவரைக்கும் இழுத்துப் பிடித்தார். முடிச்சுப் போட்டார். போன கிழமை நூலோடு சேர்த்துப் பார்த்தார். பிறகு ஜசிந்தாவைத் திரும்பிப் பாராமல், நூலைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"ஒரு கிழமையிலை ரெண்டு விரல் உயரம் வளராது, பிள்ளை. மூண்டு வருசமா அளக்கிற எனக்குத் தெரியாதே? அடுத்த கிழமை கொஞ்சமாப் பூசும்."

10

கடிதம் அத்தோடு முடியவில்லை. கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: "சேர், படிவம் மாத முடிவுக்குள் கொடுக்கவேண்டும். அக்காவுக்குத் தெரியும் என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் பூச வேண்டாம் என்று அவ சொல்லவில்லை. நான் எதற்குப் புள்ளடி போடட்டும்?"

படிவத்தின் ஒரு பிரதியையும் சேர்த்து அனுப்பியிருந்தார். நான் பதில் எழுதவில்லை. மூன்று தரம் தாளை எடுத்து வைத்தேன். ஒரு தரம் "அன்புள்ள பிள்ளைக்கு" என்பது வரை போனேன். முப்பது வருடம் மற்றவர்களின் விடைத்தாளைத் திருத்தியவன். இந்த ஒரு வினாவுக்கு எனக்கு விடை தெரியவில்லை என்று எழுதக்கூட வெட்கமாக இருந்தது. மாதம் முடிந்தது, வருடமும் போனது. இந்த ஆவணியில் சண்டை மறுபடி தொடங்கி, யாழ்ப்பாணப் பாதையும் பூட்டியாயிற்று. நாரந்தனையில் அந்த வீடு இப்போது எப்படி நிற்கிறது, அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்க எனக்கு வழியில்லை. வழி இருந்த காலத்தில் நான் விசாரிக்கவும் இல்லை.

மலர்க்குழு இந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஆகவே உங்களிடம் தருகிறேன். முடிவு என்னால் ஏலாது. படிவம் இதுதான்:

இக்கட்டடம் பயன்படுவது (ஒன்றுக்கு மட்டும் புள்ளடி இடவும்):

வீடு [    ]

வணக்கத்தலம் [    ]

பேனையை எடுங்கள். எதற்குப் போட்டாலும் நான் பிழை சொல்லமாட்டேன். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போடுங்கள். படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வழியில் சறோஜினிதேவியின் படலை இருக்கிறது. அவர் அதில் நிற்பார். "எதுக்குப் போட்டனீர், பிள்ளை?" என்று கேட்காமல் உங்களைப் போகவிடமாட்டார்.